பைபிளைப் படித்துப் பதில் சொன்னவர்

மதம் பற்றிய பேச்சு ஏன் சண்டையில் முடிகிறது? யாழ்ப்பாணத்தில் நடந்ததை நாம் பார்ப்போம்.

நல்லூரில் 1822-ல் பிறந்த ஆறுமுக நாவலர் சைவர். வெஸ்லியன் மிஷன் பாதிரியார் பீட்டர் பெர்சிவலுடன் அமர்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். அதே காலத்தில் மிஷனரிகள் பலர் கோயில் வழிபாட்டைத் துண்டுப் பிரசுரங்களில் கேலி செய்தனர். 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கிய நாவலர், 1854-ல் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். ஆலயம், விளக்கு, தூபம் எல்லாம் பழைய ஏற்பாட்டிலும் இருக்கின்றனவே என்று கிறிஸ்தவர்களின் வேதத்திலிருந்தே எடுத்துக் காட்டினார்.

நாவலரின் எழுத்திலும் காரம் குறைவில்லை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் நூலை ஊன்றிப் படித்த பிறகே அவர் பேனாவை எடுத்தார்.