எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்டால் மரபணு மாறிடுமா? உடம்புக்குள் நடப்பது இதுதான்!

கள்ளக்குறிச்சி:
கொரோனா ஊசி போட்டால் மரபணு மாறிடும், குழந்தை பிறக்காது என்று 2021-ல் வாட்ஸ்-அப்பில் வதந்தி பறந்தது. "அது எம்.ஆர்.என்.ஏ. ஊசியாம்" என்று விஷயம் தெரிந்த மாதிரி சொன்னவர்களும் உண்டு. உண்மை என்ன? விவரம் வருமாறு:-

நாம போட்டது எது?

இந்தியாவில் 2021 ஜனவரி 16-ந்தேதி கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன்மலையிலும் பெரியவர்களுக்குப் போடப்பட்டது பெரும்பாலும் கோவிஷீல்டு, கோவேக்சின்தான். இரண்டுமே எம்.ஆர்.என்.ஏ. வகை கிடையாது. அவையும் மரபணுவை மாற்றாது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் பலருக்குப் போட்ட பைசர், மாடர்னா ஊசிகள்தான் எம்.ஆர்.என்.ஏ. வகை.

தாலுகா ஆபீஸ் நகல் மாதிரி

தாலுகா ஆபீசில் நில பதிவேடு பீரோவுக்குள் பத்திரமா இருக்கும். நமக்குக் கிடைப்பது நகல்தான். அந்த நகலைக் கிழிச்சுப் போட்டாலும் பதிவேட்டில் ஒரு எழுத்துகூட மாறாது.

உடம்பும் அப்படித்தான். செல்லில் உள்ள உட்கருவுக்குள் மரபணு என்ற பதிவேடு இருக்கிறது. அதிலிருந்து வெளியே வரும் நகல் சீட்டுதான் எம்.ஆர்.என்.ஏ. அதைப் படித்துத்தான் செல் தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கிறது.

தடுப்பூசியில் இருப்பது, ஆய்வகத்தில் எழுதிய இன்னொரு சீட்டு. கொரோனா வைரசின் மேலே முள் மாதிரி நிற்கும் புரதத்தை மட்டும் செய்யும் குறிப்பு அதில் இருக்கும். முழு வைரஸ் இருக்காது. அதனால் ஊசியால் கொரோனா வராது.

சீட்டு சீக்கிரம் சிதைந்து விடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் வைத்து, கை தசையில் போடுகிறார்கள். செல் அதைப் படித்து முள் புரதத்தைச் செய்கிறது. "இது நம்ம ஆள் இல்லையே" என்று உடம்பு எதிர்ப்பு சக்தியைத் திரட்டுகிறது. எதிரியின் அடையாளத்தையும் ஞாபகம் வைத்துக் கொள்கிறது. பிறகு நிஜ வைரஸ் வந்தால் உடனே பாய்கிறது.

சில நாளில் சீட்டை செல்லே அழித்து விடுகிறது. உட்கருவுக்குள் அது போவதே கிடையாது. பிறகு மரபணு எப்படி மாறும்? குழந்தைப்பேறு கெடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

நோபல் பரிசு

முதலில் வெளியிலிருந்து வந்த சீட்டை உடம்பு எதிரியாக நினைத்து அழற்சியைக் கிளப்பியது. சீட்டின் ஒரு எழுத்தை லேசாக மாற்றி இதற்கு வழி கண்டதை கட்டலின் கரிகோ, ட்ரூ வெய்ஸ்மேன் இருவரும் 2005-ல் வெளியிட்டனர். இதற்காக 2023-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மலைக்கு ஏற்றது

பைசர் ஊசியை ஆரம்பத்தில் மைனஸ் 70 டிகிரி குளிரில் வைக்க வேண்டியிருந்தது. மலை கிராமத்துக்கு அது சரிப்படாது. புனே ஜென்னோவா நிறுவனத்தின் 'ஜெம்கோவாக்' எம்.ஆர்.என்.ஏ. ஊசிக்கு 2022 ஜூனிலும், அதன் ஒமைக்ரான் வகைக்கு 2023 ஜூனிலும் அவசர அனுமதி கிடைத்தது. ஒமைக்ரான் வகை, உலர்த்திய தூள். ஆரம்ப சுகாதார நிலைய குளிர்பெட்டியின் 2 முதல் 8 டிகிரியே அதற்குப் போதும்.

பக்கவிளைவு உண்டா?

கை வலி, காய்ச்சல், அசதி ஓரிரு நாள் இருக்கலாம். மிக அரிதாக, முக்கியமாக இளைஞர்களுக்கு, இதயத் தசையில் அழற்சி வந்தது. பெரும்பாலோர் குணமாகி விட்டனர். ஊசி போட்ட பின் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், படபடப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

எந்தத் தடுப்பூசியானாலும், போட்டதும் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னால் எழுந்து ஓடாதீங்க. திடீர் ஒவ்வாமை வந்தால் அங்கேயே உடனே மருந்து கொடுக்கத்தான் அந்தக் காத்திருப்பு.