எட்டு விநாடிக்கு மேல் கத்தக்கூடாது!

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மாமாவுடன் காரில் மதுரைக்குப் போனேன். வண்டி கிளம்பியதும் சீட் பெல்ட் போடச் சொல்லி கீ கீ என்று சத்தம். மாமா பெல்ட்டைத் தொடவே இல்லை. ஒரு சின்ன கிளிப்பை எடுத்து பெல்ட் மாட்டும் ஓட்டையில் செருகினார், சத்தம் நின்றுவிட்டது. "தலைவலிடா அது" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, இதே தலைவலிக்காக ஒரு நாட்டின் பாராளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது என்று தெரிந்தது. அந்த நாடு அமெரிக்கா, வருடம் 1974.

அமெரிக்கக் கார்களில் 1968 முதலே சீட் பெல்ட் கட்டாயம். கம்பெனிக்காரர்கள் வைப்பதுதான் கட்டாயம், ஓட்டுபவர் போட்டுக்கொள்வது அவர் இஷ்டம். பெரும்பாலானவர்கள் போடவில்லை. ஆனால் சாலையில் சாவு சாதாரணமாக இல்லை. 1973ல் மட்டும் 54,000 பேர் இறந்தார்கள். 1972ல் பெல்ட் போடாவிட்டால் கத்தும் பஸ்ஸர் வந்தது. நம் ஆட்கள் மட்டும்தான் கில்லாடிகளா? பெல்ட்டை ஒருமுறை மாட்டி, சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நிம்மதியாக ஓட்டினார்கள்.

அரசாங்கம் உண்மையில் கேட்டது ஏர்பேக். கார் கம்பெனிகள் செலவு அதிகம் என்று எதிர்த்தன. 1971 ஏப்ரலில் ஃபோர்டு கம்பெனியின் ஹென்றி ஃபோர்டும் (இரண்டாமவர்) லீ அயகோக்காவும் ஜனாதிபதி நிக்சனை நேரில் பார்த்து, இப்படியே விலை ஏறினால் ஜப்பான் கார்கள் எங்களை விழுங்கிவிடும் என்று முறையிட்டார்கள். நிக்சன் தன் அறையில் பேசுவதையெல்லாம் டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்ததால் இந்தப் பேச்சும் அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது! கடைசியில் ஏர்பேக் தள்ளிப்போனது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 'இன்டர்லாக்'.

1974 மாடல் கார்களில் முன் சீட்டுக்கு அடியில் எடையை உணரும் சென்சார் வைத்தார்கள். நீங்கள் முதலில் உட்கார வேண்டும், பிறகு பெல்ட் போட வேண்டும், அதன் பிறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆகும். வரிசை மாறினாலும் ஆகாது. அதனால் பெல்ட்டைப் பின்னால் தள்ளும் பழைய வித்தை பலிக்கவில்லை. யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சென்சாருக்கு மனிதருக்கும் மளிகைப் பைக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்து சீட்டில் காய்கறி மூட்டையை வைத்தால் அதற்கும் பெல்ட் போட வேண்டும்! நாய் ஏறி உட்கார்ந்தால் அதற்கும்! சில சமயம் ஒழுங்காகப் பெல்ட் போட்டவருக்கே வண்டி கிளம்பாது. காலையில் அவசரமாக வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? வயரை வெட்டினார். வெட்டத் தெரியாதவர் மெக்கானிக்கிடம் போனார்.

எல்லோரும் தங்கள் ஊர் உறுப்பினருக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். நியூ ஹாம்ப்ஷயர் உறுப்பினர் லூயிஸ் வைமன் இதைக் கையில் எடுத்தார். 1974 அக்டோபர் 27 அன்று ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். இனி இன்டர்லாக்கை யாரும் கட்டாயமாக்க முடியாது. பஸ்ஸரும் எட்டு விநாடிக்கு மேல் கத்த வேண்டும் என்று அரசு சொல்லக்கூடாது. ஒரு சத்தம் எத்தனை விநாடி இருக்கலாம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்!

அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் காரை நீ கிளப்ப நான் அனுமதி தரவேண்டும் என்று ஒரு இயந்திரம் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரியது. இன்டர்லாக் போன இடத்தில் வேறெதுவும் வரவில்லை. அதே சமயத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் சில பெரிய கார்களில் விரும்பியவர்களுக்கு ஏர்பேக் வைத்துக் கொடுத்தது. 1974 முதல் 1976 வரை சுமார் 10,000 கார்கள்தான் அப்படி விற்றன. பணம் கொடுத்துப் பாதுகாப்பு வாங்க ஆள் இல்லை.

பெல்ட் போடாவிட்டால் அபராதம் என்று முதலில் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நியூயார்க், 1984ல். அப்போது நாடு முழுக்க ஏழு பேரில் ஒருவர்தான் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார். இன்று பத்தில் ஒன்பது பேர். இயந்திரம் சொன்னபோது கேட்காதவர்கள் போலீஸ்காரர் சொன்னதும் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 1998 மாடலில்தான். எட்டு விநாடிக் கட்டுப்பாட்டை 2012ல் எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் முன் சீட்டுக்கு இந்த எச்சரிக்கைச் சத்தம் கட்டாயம். அதை ஏமாற்றும் கிளிப்புகளை விற்கக்கூடாது என்று 2023ல் ஐந்து இணையக் கடைகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. மாமாவிடம் இதைச் சொன்னேன். "நான் அதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன்" என்றார்.