மாநாட்டு மண்டபமும் நமது நூல்களும்

கொழும்பு பௌத்தாலோக மாவத்தையில் உள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தைச் சீனாவின் அன்பளிப்பு என்றே பலரும் அறிவர். அந்த அன்பளிப்பு நம் கைக்கு வந்துசேர ஒன்பது ஆண்டுகள் பிடித்தன என்பது பலருக்கும் தெரியாது. 1964 பெப்ரவரியில் சீனப் பிரதமர் சூ என்லாய் இலங்கை வந்திருந்தபோது இதற்கான இணக்கம் காணப்பட்டது. மறு ஆண்டே சிறிமாவோ அம்மையார் தேர்தலில் தோற்க, திட்டம் கிடப்பில் போடப்பட்டது. 1970இல் அவர் மீண்டும் வந்தார். 1973 மே 17ஆம் திகதி மண்டபம் திறந்துவைக்கப்பட்டது. சுற்றிவர உயர்ந்த தூண்கள், எண்கோணக் கட்டடம், மலைநாட்டுக் கூரையை நினைவூட்டும் முகடு. சீனர் கட்டியதாயினும் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது.

1976 ஓகஸ்டில் ஐந்தாவது அணிசேரா உச்சி மாநாடு இங்கேதான் நடந்தது. ஆசிய நாடொன்றில் அம்மாநாடு கூடியது அதுவே முதல் தடவை. டிட்டோ, இந்திரா காந்தி, அன்வர் சதாத் எனப் பலரும் வந்தனர். ஒருவர் பேசுவது மற்றவருக்கு அவரவர் விளங்கும் மொழியில் காதில் கேட்க வேண்டும் என்பதே இத்தகைய மண்டபமொன்றின் அடிப்படை ஏற்பாடு. அந்த ஏற்பாடு பிறநாட்டார்க்கு வாய்த்த அளவுக்கு இந்நாட்டின் இரு மொழியினருக்கு வாய்க்கவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

பிற்காலத்தில் பட்டமளிப்பு விழாக்களும் வர்த்தகக் கண்காட்சிகளும் விருந்துகளும் வளவை நிரப்பின. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனால், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை விசாரிக்க 2019 செப்டெம்பரில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு இவ்வளவிலேயே அமர்ந்து சாட்சியம் கேட்டது. நம் சமூகத்தவர் பலர் அங்கு சென்று விளக்கமளித்தனர். ஒரு சிலர் செய்த பாதகத்துக்குச் சமூகம் முழுவதும் பதில் சொல்ல நேர்ந்த காலம் அது. அதன் அறிக்கை 2021 பெப்ரவரியில் ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்டது.

ஆண்டுதோறும் செப்டெம்பரில் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி கூடுவதும் இதே வளவில்தான். 1999இல் தொடங்கிய அக்கண்காட்சி இம்மண்டபத்தைச் சாதாரண மக்களின் இடமாக்கிற்று என்பேன். கைக்குழந்தையோடு வரும் தாய்மாரையும், சீருடையில் வரிசையாக வரும் பிள்ளைகளையும், சாக்கு நிறையப் புத்தகம் சுமக்கும் பிக்குமாரையும் அங்கு கண்டிருக்கிறேன். சிங்கள வாசகனின் அந்தப் பசி பொறாமைப்படத்தக்கது.

தமிழ்க் கடைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாடசாலை நூலகத்துக்கு நூல் வாங்க இராப் பயணம் செய்து போன ஒரு தடவை, நம் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுதியைக் கேட்டேன். கடைக்காரத் தம்பி, "அதெல்லாம் இங்க வாராது சேர், எழுதினவர்ட்டத்தான் கேக்கணும்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. முந்நூறு பிரதி அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் பாதியைக் கொடுத்து, மீதியை அலுமாரிக்குள் அடுக்கிவைப்பதே நம் வழக்கம். தனியொருவர் கடைக்கூலி கட்டுவது நடக்கிற காரியமல்ல. பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்கு இருபது பிரதிகளுடன் ஒரு கடையைப் பகிர்ந்து எடுத்தால் கூலியைத் தாங்கலாம். ஒவ்வொரு நூலுக்கும் அரைப்பக்கச் சிங்களக் குறிப்பொன்றை எழுதி வைத்தால், பக்கத்துக் கடைக்கு வருபவரும் நின்று பார்ப்பார். அக்குறிப்பை எழுதத்தக்க சிங்கள ஆசிரியர்கள் நம் பாடசாலைகளிலேயே இருக்கிறார்கள்.