நாக்குக்குத் தெரியாத விஷம்

ஸ்ரீரங்கத்துக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் இருந்துகொண்டு, ஒரு வாய் குடித்ததுமே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ‘எங்காத்து போர் தண்ணி கல்கண்டு சார்!’ இருக்கலாம். ஆனால், நாக்குக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. ஃப்ளோரைடு. அது மாட்டிக்கொண்ட கதை, பல்லில் ஆரம்பிக்கிறது.

1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர் வந்தார். ஊர்க்காரர்கள் பல்லிலெல்லாம் பழுப்புக் கறை. தேய்த்தால் போகாது. தண்ணீர்மேல் அவருக்குச் சந்தேகம். ஆனால், அந்தக் காலத்துச் சோதனைகளில் ஒன்றும் சிக்கவில்லை. விடை கிடைக்க முப்பது வருஷம் ஆனது! அதுவும் வேறொருவர் மூலம். அல்கோவா அலுமினியக் கம்பெனியின் தலைமை ரசாயன நிபுணர் சர்ச்சில் (அந்தச் சுருட்டுக்காரர் இல்லை, இவர் வேறு). கம்பெனியின் சுரங்க ஊரான பாக்ஸைட்டிலும் இதே கறை. அலுமினியப் பாத்திரமே விஷம் என்று வேறு வதந்தி. பழி தங்கள்மேல் விழக்கூடாதே என்று தண்ணீரைச் சோதித்தார். ஃப்ளோரைடு! நம்பாமல் மறுபடி தண்ணீர் வரவழைத்துச் சோதித்தார். அதேதான். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம். இது வெளியானது 1931-ல்.

ஆறே வருஷத்தில் நம் பக்கம். 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், முதுகெலும்பு இறுகிக் குனிய முடியாமல் போன கிராமத்து ஜனங்களைப் பற்றி ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் எழுதினார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்காரர்கள். பல்லோடு நிற்பதில்லை, எலும்பு வரை போகிறது என்று நமக்குப் புரிந்தது அப்போதுதான். கிணறு அவர்களுக்குத் தாகம் தீர்த்தது, கூடவே முடக்கியும் போட்டது.

குற்றவாளி தொழிற்சாலை இல்லை, பாறை. நம் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது மலைக்கோட்டை மாதிரியான பழம்பாறைதான். ஆழத்தில் வருஷக்கணக்காகப் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் நீரில் ஃப்ளோரைடு கரைகிறது. ஓடுகிற ஆற்றுக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கல்லிலேயே காவிரியை எடுத்துக் குழாயில் அனுப்பும் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. ஸ்ரீரங்கத்தில் படித்துறைக்குச் சும்மா வரும் அதே காவிரி, அங்கே மருந்து!

இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு வழியே இல்லையென்றால் 1.5. காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். பக்கத்து வீட்டு ரிப்போர்ட் உங்கள் போருக்குச் செல்லாது. ஆழம் மாறினால் கதையும் மாறும்.

சோதனை சுலபம். ஒரு ரசாயனச் சொட்டு, இளஞ்சிவப்பு மஞ்சளாகிறதா என்று பார்ப்பார்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டினால் ரிப்போர்ட் தருவார்கள். தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோங்கள். கண்ணாடி வேண்டாம், ஃப்ளோரைடு அதோடும் உறவாடிவிடும்.