சாம்பலும் புளியும்

அரசர்களின் சரித்திரத்தை எழுதியோர் பலர். அவர்கள் உண்ட பாத்திரத்தைத் துலக்கியது யார், எதைக் கொண்டு துலக்கினார்கள் என்று எழுதியோர் மிகச் சிலர். சங்க அன்பர்கள் பொறுத்தருள்வார்கள் என்ற நம்பிக்கையுடன், பற்றுப் பாத்திரத்தின் கதையைச் சிறிது கூற முற்படுகின்றேன்.

நம் பாட்டிமார் கையாண்டவை பெரும்பாலும் அடுப்புச் சாம்பல், புளி, தேங்காய் நார் ஆகியவையே. இவற்றை வறுமையின் அடையாளமென்று எண்ணுவது தவறு. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரப்பொருள் உண்டு. அது நீரில் கரைந்து எண்ணெய்ப் பிசுக்குடன் சேருங்கால், பிசுக்கில் ஒரு பகுதி சோப்பாகவே மாறிவிடுகிறது. ‘ஆல்கலி’ என்ற சொல்லே செடியை எரித்த சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். புளியின் வேலை வேறு. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையிலும் செம்பிலும் படிந்த களிம்பைக் கரைக்கிறது. களிம்பு நஞ்சு. ஆதலால்தான் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசினார்கள். (பெயர் ஈயமாயினும், பூசியது வெள்ளீயமே.)

இம்முறைக்கு முதல் அடி சென்னையிலேயே விழுந்தது. 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரங்களைச் செய்விக்கத் தொடங்கினார். அவற்றுக்கு ஈயப்பூச்சு வேண்டுவதில்லை. ஆனால் காரம் அலுமினியத்தை அரிக்கும். சாம்பல் அதற்கு ஆகாது. பின்னர் எவர்சில்வர் வந்தது. 1913-இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருவேறா உருக்கின் வழிவந்தது அது. 1981-இல் சேலம் உருக்காலையே அதன் தகடுகளை உருட்டலாயிற்று. எவர்சில்வரில் களிம்பு ஏறாது. எனவே புளிக்கும் வேலை இல்லை.

வடக்கே குடியேறிய நம்மவருக்கு இன்னோர் இடரும் நேர்ந்தது. காலனி வீடுகளில் எரிந்தது நிலக்கரி. அதன் சாம்பலில் மேற்சொன்ன காரம் மிகக் குறைவு. பாத்திரத்தைக் கீறுமேயன்றிப் பிசுக்கை எடுக்காது. தை மாதக் குளிரில் வனஸ்பதி உறைந்து ஒட்டிய வாணலியை, பனிபோன்ற குழாய் நீரில் அச்சாம்பலால் தேய்த்த கைகளின் வேதனையை ஆடவராகிய நாம் எண்ணிப் பார்த்தோமா? 1965-இல் கல்கத்தாவில் இண்டேன் எரிவாயு வழங்கப்படலாயிற்று. உருளை புகுந்த வீட்டில் சாம்பலே இல்லாமற் போயிற்று. 1993-இல் விம் கட்டி கடைக்கு வந்தது. இளம்பெண்கள் சோம்பலால் கடைச் சரக்குக்கு மாறினார்கள் என்று முதியோர் சிலர் கூறுவதை நான் ஒப்புவதில்லை. அடுப்பும் உலோகமும் மாறிய பிறகு, இல்லாத சாம்பலுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

வருந்தத்தக்கது வேறொன்று. எவர்சில்வர் மோகத்தில் பித்தளைத் தவலைகளையும் அண்டாக்களையும் எடைக்குப் போட்டோம். அவற்றின் கழுத்தில் பாட்டியின் பெயரும், சில வேளை ஆண்டும், ஊரும் வெட்டப்பட்டிருந்தன. வீட்டுப் பத்திரங்களில் தாத்தாவின் பெயர் இருக்கும். பாட்டியின் பெயர் இருந்த எழுத்து பல குடும்பங்களில் அந்தத் தவலை ஒன்றே. அதுவும் உலைக்குள் சென்று உருகிவிட்டது.

பரணில் இன்னும் அத்தகைய பாத்திரம் வைத்திருப்போர், அதிலுள்ள பெயரையும் ஊரையும் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுப்பின் அடுத்த ஆண்டு மலரில் சேர்க்கலாம்.