ஜெர்மனியில் உயர்கல்விக்கான முன்னேற்பாடுகள்

ஜெர்மனியில் உயர்கல்விக்கான முன்னேற்பாடுகள் என்பது, இந்தியாவில் இருந்து ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் பயிலச் செல்லும் மாணவர்கள், புறப்படுவதற்கு முன்னரும் சென்று சேர்ந்த முதற் சில வாரங்களிலும் நிறைவேற்ற வேண்டிய பணிகளைக் குறிக்கும். கல்விச் சான்றுகளைச் சரிபார்த்தல், மொழித் தேர்வு, பல்கலைக்கழக விண்ணப்பம், நிதிச் சான்று, நுழைவிசைவு எனப்படும் விசா, காப்பீடு, தங்குமிடம் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இப்பணிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றுக்குரிய ஆவணம் கையில் இல்லாமல் அடுத்ததைத் தொடங்க இயலாத நிலை பல இடங்களில் உண்டு. எனவே ஓர் ஆவணம் தாமதமானால் ஒரு பருவமோ, ஓராண்டோ வீணாவது வழக்கம்.

பின்னணி

ஜெர்மனியின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மாநில அரசுகளால் நடத்தப்படுகின்றன. பொதுக் கல்விக் கட்டணத்தை இறுதியாக நீக்கிய மாநிலம் கீழ் சாக்சனி ஆகும். அது 2014 ஆம் ஆண்டில் கட்டணத்தைக் கைவிட்டது. வெளிநாட்டு மாணவர்களும் இச்சலுகையைப் பெற்றமையால், அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய நாடுகளின் கட்டணத்தைத் தாங்க இயலாத குடும்பங்களின் கவனம் ஜெர்மனியின்பால் திரும்பியது. ஆங்கில வழியில் நடத்தப்படும் முதுகலைப் படிப்புகள் பெருகியதும் ஒரு காரணம் ஆகும்.

2022/23 குளிர்காலப் பருவத்தில், ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களுள் இந்தியர் சீனரை விஞ்சி முதலிடம் பெற்றனர். 2023/24 குளிர்காலப் பருவத்தில் இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 49,483 ஆக இருந்தது.

தமிழ்நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான தொழில்நுட்பக் கல்வித் தொடர்பு பழமையானது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959 ஆம் ஆண்டில் அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் நிறுவப்பட்டது. சென்னையில் உள்ள கோதே நிறுவனம் ஜெர்மன் மொழி வகுப்புகளையும் தேர்வுகளையும் நடத்தி வருகிறது.

கட்டணம் பற்றிய பொதுவான தவறான எண்ணம்

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்னும் கூற்று முழு உண்மை அன்று. இதற்கு மூன்று வரம்புகள் உள்ளன.

முதலாவதாக, சில விலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017/18 குளிர்காலப் பருவம் முதல், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024/25 குளிர்காலப் பருவம் முதல் இத்தகைய புதிய மாணவர்களுக்கு, இளங்கலையில் பருவத்துக்கு 2,000 அல்லது 3,000 யூரோவும், முதுகலையில் 4,000 அல்லது 6,000 யூரோவும் விதித்தது.

இரண்டாவதாக, கட்டணம் இல்லாத பல்கலைக்கழகங்களிலும் பருவப் பங்களிப்பு என்னும் தொகையைச் செலுத்த வேண்டும். இது மாணவர் நலச் சேவைகளுக்கும், பல இடங்களில் பொதுப் போக்குவரத்துச் சீட்டுக்கும் பயன்படுகிறது.

மூன்றாவதாக, தனியார் பல்கலைக்கழகங்கள் முழுக் கட்டணம் பெறுகின்றன. இடைத்தரகர்கள் சிலர் மாணவர்களை இவற்றுக்கே திருப்பிவிடுவதுண்டு. இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யுமுன், அந்நிறுவனம் அரசு ஏற்பு பெற்றதா என்பதையும், பாடநெறி நேரடி வகுப்பாக நடத்தப்படுகிறதா என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்வது இன்றியமையாதது. 2025 ஆம் ஆண்டில், பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பாடநெறி நேரடிக் கல்வியாகக் கருதப்படாததால், அங்குப் பயின்ற இந்திய மாணவர்கள் சிலர் வதிவிட உரிமையை இழக்கும் நிலைக்கு உள்ளாயினர். பெருந்தொகையைக் கட்டணமாகச் செலுத்திய பின்னரே அவர்கள் இதனை அறிந்தனர்.

கல்வித் தகுதி

பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் முடித்த இந்திய மாணவர்கள் பொதுவாக ஜெர்மனியில் இளங்கலைப் படிப்பில் நேரடியாகச் சேர இயலாது. இந்தியாவில் ஏற்புடைய பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டு வெற்றிகரமாகப் பயின்றவர்களும், ஜேஇஇ அட்வான்சுடு தேர்வில் தேறியவர்களும் தொடர்புடைய துறைகளில் விண்ணப்பிக்கலாம். ஏனையோர் "ஸ்டூடியன்கொலெக்" எனப்படும் ஆயத்தக் கல்லூரியில் பொதுவாக இரண்டு பருவங்கள் பயின்று, அதன் இறுதியில் தகுதித் தேர்வை எழுதவேண்டும்.

முதுகலைப் படிப்புக்கு, தொடர்புடைய துறையில் இளங்கலைப் பட்டம் தேவை. பல பல்கலைக்கழகங்கள் பட்டத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் எவ்வளவு பயிலப்பட்டது என்பதையும் ஒப்பிடுகின்றன. எனவே பாடத்திட்ட நூலைக் கல்லூரியில் இருந்து முன்கூட்டியே பெற்றுவைப்பது பயனுடையது.

மதிப்பெண் மாற்றம்

ஜெர்மனியில் 1.0 என்பது மிக உயர்ந்த மதிப்பு ஆகும். 4.0 என்பது தேர்ச்சியின் எல்லை. இந்திய மதிப்பெண்களை மாற்றுவதற்குத் "திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம்" பயன்படுத்தப்படுகிறது. மிக உயர்ந்த மதிப்பில் இருந்து மாணவர் பெற்ற மதிப்பைக் கழித்து, அதனை மிக உயர்ந்த மதிப்புக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் இடையிலான வேறுபாட்டால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 ஐக் கூட்டவேண்டும்.

எடுத்துக்காட்டாக, 10 புள்ளி முறையில் தேர்ச்சி மதிப்பு 5 ஆகவும் மாணவர் பெற்றது 8 ஆகவும் இருப்பின், அவரது ஜெர்மன் மதிப்பு 2.2 ஆகும். தேர்ச்சி மதிப்பு 4 எனக் கொண்டால் அதே மாணவரின் மதிப்பு 2.0 ஆகிவிடும். 2.0 அல்லது அதற்கும் சிறந்த மதிப்பைக் கேட்கும் படிப்பு ஒன்றில் இவ்வேறுபாடே சேர்க்கையைத் தீர்மானித்துவிடும். ஆகவே மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சி மதிப்பு தெளிவாகக் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

ஏபிஎஸ் சான்றிதழ்

ஏபிஎஸ் என்பது கல்விச் சான்றுகளின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் அமைப்பு ஆகும். இத்தகைய அமைப்பு முதன்முதலாகச் சீனாவின் பீக்கிங்கில் 2001 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இது புதுதில்லியில் இயங்குகிறது. 2022 நவம்பர் 1 முதல், இந்தியாவில் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போர் இச்சான்றிதழை அளிக்கவேண்டும் என்பது கட்டாயம் ஆக்கப்பட்டது. இதற்கான கட்டணம் 18,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போதே இதனைக் கேட்பதால், இதுவே முதற்பணியாக அமைவது நல்லது.

பெயர் ஒற்றுமை

தமிழ் மாணவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயர் பற்றியது. தமிழ்நாட்டில் தந்தையின் பெயரின் முதலெழுத்தையே தலைப்பெழுத்தாக எழுதுவது மரபு. குடும்பப் பெயர் என்னும் வழக்கம் பொதுவாக இல்லை. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்துடனும், கடவுச்சீட்டில் தந்தையின் முழுப் பெயருடனும், பட்டச் சான்றிதழில் வேறொரு வரிசையிலும் ஒரே மாணவரின் பெயர் காணப்படலாம். ஜெர்மன் படிவங்களோ குடும்பப் பெயர், இடுபெயர் என இரண்டையும் தனித்தனியே கேட்கின்றன.

இதனால் விண்ணப்பம், மொழித் தேர்வு, வங்கிக் கணக்கு, காப்பீடு ஆகிய அனைத்திலும் கடவுச்சீட்டில் உள்ளவாறே பெயரை எழுதுவது பாதுகாப்பானது. கடவுச்சீட்டில் திருத்தம் தேவைப்படின் அதனை ஏபிஎஸ் விண்ணப்பத்துக்கு முன்னரே முடித்துக்கொள்ளல் வேண்டும்.

மொழித் தேர்வு

ஆங்கில வழிப் படிப்புகளுக்கு ஐஈஎல்டிஎஸ் அல்லது டோஃபல் மதிப்பெண் கேட்கப்படுகிறது. ஜெர்மன் வழிப் படிப்புகளுக்கு டெஸ்ட்டாஃப், டிஎஸ்எச் போன்ற தேர்வுகள் ஏற்கப்படுகின்றன. ஆங்கில வழியில் பயில்வோருக்கும் ஜெர்மன் மொழி தேவையற்றது அன்று. வீட்டு உரிமையாளர், மருத்துவர், நகர அலுவலகம், பகுதிநேர வேலை ஆகிய எல்லா இடங்களிலும் அம்மொழியே வழங்குகிறது. ஏ2 நிலை வரையேனும் ஊரிலேயே கற்றுச் செல்வோர் தொடக்க மாதங்களை எளிதாகக் கடக்கின்றனர்.

விண்ணப்பம்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 இலும், கோடைப் பருவம் ஏப்ரல் 1 இலும் தொடங்குகின்றன. பல படிப்புகள் குளிர்காலப் பருவத்தில் மட்டுமே புதிய மாணவர்களைச் சேர்க்கின்றன. இடவரம்பு உள்ள படிப்புகளுக்கு ஜூலை 15 வழமையான இறுதி நாள் ஆயினும், வெளிநாட்டு மாணவர்களுக்கான முதுகலைப் படிப்புகள் பலவற்றுக்கு இது பல மாதங்கள் முன்னதாகவே முடிந்துவிடும்.

பல பல்கலைக்கழகங்கள் பெர்லினில் உள்ள யூனி-அசிஸ்ட் என்னும் அமைப்பின் ஊடாக விண்ணப்பங்களைப் பெறுகின்றன. ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் கட்டணம் ஆகும். ஏனையவை தமது இணையத்தளத்தின் வழியே நேரடியாகப் பெறுகின்றன.

நிதிச் சான்று

விசா பெறுவதற்கு, முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்குப் போதிய பணம் உண்டு என மெய்ப்பிக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலோர் "ஸ்பெர்கோன்டோ" எனப்படும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கைப் பயன்படுத்துகின்றனர். 2024 செப்டம்பர் முதல் இதற்கான தொகை 11,904 யூரோ ஆக உயர்த்தப்பட்டது. முழுத்தொகையையும் முன்னதாகச் செலுத்திவிட வேண்டும். ஆனால் ஜெர்மனி சென்ற பின்னர் மாதத்துக்கு 992 யூரோ மட்டுமே எடுக்கலாம்.

இப்பணம் கட்டணம் அன்று. மாணவரின் சொந்தப் பணமே ஆகும். எனினும் ஒரே தவணையில் இதனைத் திரட்டுவது நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெருஞ்சுமையாகும். பலர் கல்விக் கடன் பெறுகின்றனர். வங்கிகள் சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்த பின்னரே கடனுக்கு ஒப்புதல் அளிப்பது வழக்கம். விசாவுக்கோ பணம் முன்னரே கணக்கில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது. ஆதலால் கடனுக்கான ஆவணங்களைச் சேர்க்கைக் கடிதம் வருமுன்னரே ஒழுங்குசெய்து வைப்பது நல்லது. கல்வி உதவித்தொகைச் சான்றும், ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் சட்டப்படி அளிக்கும் பொறுப்புறுதியும் மாற்று வழிகளாக ஏற்கப்படுகின்றன.

விசா

மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கல்விக்குத் தேசிய விசா தேவை. இதன் கட்டணம் 75 யூரோ ஆகும். சுற்றுலாவுக்கான செங்கன் விசாவில் சென்று, பின்னர் அதனை மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ள இயலாது. விசா முடிவுக்குப் பல வாரங்கள் ஆகலாம். பொதுவாகக் கோரப்படும் ஆவணங்கள் பின்வருமாறு:

* கடவுச்சீட்டு
* பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம்
* ஏபிஎஸ் சான்றிதழ்
* கல்விச் சான்றுகள், மொழித் தேர்வு மதிப்பெண்
* நிதிச் சான்று
* காப்பீட்டுச் சான்று
* படிப்பின் நோக்கத்தை விளக்கும் கடிதம்

முன்னர், விசா மறுக்கப்பட்டோர் தூதரகத்திடமே கட்டணமின்றி மறுபரிசீலனை கோர முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் இம்முறை உலகெங்கும் நீக்கப்பட்டது. அதன் பின்னர் மறுப்புக்குள்ளானவர் புதிதாக விண்ணப்பிக்கலாம். அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தை நாடலாம். எனவே முதல் விண்ணப்பத்திலேயே குறையின்றி ஆவணங்களை அளிப்பதன் முக்கியத்துவம் கூடியுள்ளது.

காப்பீடு

மருத்துவக் காப்பீடு இன்றிப் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்ய இயலாது. 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் மாணவர் சலுகைக் கட்டணத்தில் சேரலாம். தனியார் காப்பீடு தொடக்கத்தில் மலிவாகத் தோன்றலாம். ஆயினும் அதனைத் தெரிந்து பொதுக் காப்பீட்டில் இருந்து விலக்குப் பெற்றவர், அப்படிப்பு முடியும் வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது என்பது குறிப்பிடத்தக்கது.

தங்குமிடம்

மாணவர் நல அமைப்புகள் நடத்தும் விடுதிகளே மலிவானவை. ஆனால் பெருநகரங்களில் இவற்றுக்கு நீண்ட காத்திருப்புப் பட்டியல் உண்டு. ஆதலால் சேர்க்கைக் கடிதம் கிடைத்த அன்றே விண்ணப்பிப்பது வழக்கம். வாடகை இருவகையாகக் குறிக்கப்படும். "குளிர் வாடகை" என்பது இடத்துக்கு மட்டும் உரியது. "சூடான வாடகை" என்பது வெப்பமூட்டல், நீர் முதலிய செலவுகளையும் உள்ளடக்கியது. முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகையை விஞ்சக்கூடாது எனச் சட்டம் வரையறுக்கிறது. வீட்டைக் காட்டாமலும் ஒப்பந்தம் இன்றியும் முன்பணம் கேட்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் மோசடியே ஆகும்.

பயணப் பொதி

பால், இறைச்சி ஆகியவற்றால் ஆன பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து பயணிகள் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டுள்ளது. நெய், பால்கோவா போன்றவையும் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் முதலியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் தேவை. பருப்புப்பொடி, உலர்ந்த மசாலாத் தூள் ஆகியவற்றுக்கு இத்தடை இல்லை. மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் எடுத்துச் செல்வது நல்லது. மூலச் சான்றிதழ்களைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளல் வேண்டும்.

சென்று சேர்ந்த பின்

வீடு புகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். இதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் தேவை. வதிவிட அனுமதிக்கு, விசா காலாவதியாகுமுன் வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முடக்கப்பட்ட கணக்கில் இருந்து பணம் பெற ஜெர்மன் நடப்புக் கணக்கு தேவைப்படுவதால், முதற் சில வாரங்களுக்கான செலவுப் பணம் தனியே கையில் இருப்பது இன்றியமையாதது.

2024 மார்ச் முதல், மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய அனுமதிக்கப்பட்டனர். 2026 சனவரியில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ ஆக உயர்ந்தது. இவ்வருவாய் செலவுக்குத் துணையாகலாம். ஆனால் வேலை உடனே கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. அதனை நம்பி முதலாண்டுச் செலவைத் திட்டமிடுவது இடர் மிகுந்தது. பட்டம் பெற்றோர், தகுதிக்கேற்ற வேலை தேட 18 மாதங்கள் வரை தங்குவதற்கு அனுமதி பெறலாம்.

கால வரிசை

அக்டோபரில் தொடங்கும் படிப்புக்கு ஏறத்தாழ 15 மாதங்களுக்கு முன்னர் ஆயத்தத்தைத் தொடங்குவது ஏற்றது. அதன் பொதுவான வரிசை:

* முந்தைய ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை: கடவுச்சீட்டு, பெயர்த் திருத்தம், மொழித் தேர்வு
* அக்டோபர் முதல் டிசம்பர் வரை: ஏபிஎஸ் விண்ணப்பம், படிப்புகளைத் தெரிதல்
* டிசம்பர் முதல் மே வரை: பல்கலைக்கழக விண்ணப்பங்கள், கல்விக் கடன் ஆவணங்கள்
* சேர்க்கைக் கடிதம் கிடைத்தவுடன்: விடுதி விண்ணப்பம், முடக்கப்பட்ட கணக்கு, காப்பீடு, விசா
* செப்டம்பர்: பயணம், முகவரிப் பதிவு, பல்கலைக்கழகப் பதிவு

இறுதியாண்டில் பயிலும் மாணவர்கள் பட்டச் சான்றிதழ் கைக்கு வருமுன்னரே விண்ணப்பிக்க நேர்கிறது. பல பல்கலைக்கழகங்கள் அதுவரையிலான மதிப்பெண் பட்டியல்களை ஏற்று, பட்டத்தைப் பின்னர் அளிக்குமாறு நிபந்தனையுடன் சேர்க்கை தருகின்றன. அந்நிபந்தனைக்கு உரிய நாளைக் குறித்துவைத்து, கல்லூரியில் இருந்து தற்காலிகச் சான்றிதழைக் காலத்தில் பெறுவது மாணவரின் பொறுப்பாகும்.