வேளம்: அரசனைக் குளிப்பாட்டிய கைகள்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை இராசராசனின் பெருமையாகவே நமக்குக் கற்பித்தார்கள். அதே கற்களில் நாம் நின்று படிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: வேளம். சோழ அரண்மனைப் பணிமக்களை, குறிப்பாகப் பெண்களை, சேர்த்துவைத்த அமைப்பு அது. அரசகுலத்தாரை நீராட்டும் பணிக்கென்றே ‘திருமஞ்சனத்தார் வேளம்’ இருந்தது. அரசியர் பெயராலும் வேளங்கள் இருந்தன.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? மெய்க்கீர்த்திகளே ஒரு பதில் தருகின்றன. பகைவரின் யானை, குதிரை, பொருளோடு பெண்களையும் கவர்ந்ததாக அவை பெருமை பேசுகின்றன. எல்லோரும் அப்படி வந்தவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் புலவன் வெற்றி என்று பாடியது அந்தப் பெண்களுக்குச் சிறை.

இவர்களை வெறும் கண்ணீராக எழுதுவதும் பிழை. ‘வேளத்துப் பெண்டாட்டி’ கோயிலுக்கு விளக்குக் கொடை தந்த செய்தியும் கல்லில் இருக்கிறது. அரசனுக்குப் பணிசெய்தபோது அவள் வேளத்தில் ஒருத்தி. கொடை தந்தபோது பெயருள்ள ஒருத்தி.

இன்றைய சாதிப் பெயர்களை அவர்கள்மேல் ஒட்ட வேண்டாம். ஆனால் உழைப்பை எடுத்துக்கொண்டு உழைத்தவரின் பெயரை விட்டுவிடும் வழக்கத்தை நாம் நன்கறிவோம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தது போதும்; இனி அடித்தளத்து எழுத்துகளைக் குனிந்து படிப்போம்.